பகல் பதினொரு மணிக்கு அம்மாவோடு யார் இருப்பார்கள்?

அம்மாவுக்கு 76 வயது. மூன்று வருடத்துக்கு முன்பு வலது பக்கம் வாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கை முழுதாகத் திரும்பவில்லை. திருச்சி உறையூர் வீட்டில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார். குளிக்க, சேலை கட்ட, கழிவறைக்குப் போய்வர ஆள் துணை வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை. கொஞ்ச நாளாக விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு குழப்பம் வருகிறது. "அப்பா இன்னும் வரலியே" என்று வாசலைப் பார்க்கிறார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

இந்த நேரத்தில்தான் எனக்கு இரண்டு வாய்ப்புகள் சேர்ந்தாற்போல் வந்தன. கனடாவில் பி.ஆருக்கு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு அழைப்பு, சிங்கப்பூரில் ஒரு வேலை. வீட்டில் நான் நடுப்பிள்ளை. அண்ணன் மதுரையில், தம்பி ஓசூரில். அம்மா என்னோடும் என் கணவரோடும் இருக்கிறார். போவதா, போனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டா, விட்டுவிட்டா, எங்கே என்று நாலு மாதமாக யோசித்தோம். அந்த நாலு மாதத்தில் தெரிந்துகொண்டதை இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் ஒப்பிட்டது தவறான விஷயங்களை. சம்பளம், வாடகை, பையனின் பள்ளிக்கூடம், விசா கட்டணம் என்று ஒரு பெரிய அட்டவணை போட்டோம். அதில் அம்மாவுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: "விசா கிடைக்குமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டவணையை ஒதுக்கிவிட்டு, அம்மாவின் ஒரு நாளை மணிவாரியாக எழுதினேன். எத்தனை தடவை அவருக்கு இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது என்று எண்ணினேன். பதினான்கு தடவை. அதில் ஐந்து, நான் வேலையில் இருக்கும் நேரத்தில் வருகின்றன. அந்த ஐந்திலும் தள்ளிப்போடவே முடியாதது ஒன்று. காலையில் நீர் மாத்திரை போடுவதால் பதினொரு மணி வாக்கில் அவருக்கு அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டும். அப்போது ஆள் இல்லையென்றால் தானே எழுந்துவிடுவார். போன வருடம் விழுந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு எந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும் நான் கேட்ட முதல் கேள்வி, அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு யார் கை இருக்கும் என்பதுதான். இன்னும் இரண்டு கேள்விகள் அதன் பின்னால் வந்தன. அம்மா அங்கே இருப்பது எதை நம்பி, என் வேலையையா, அவருக்கென்று உள்ள உரிமையையா? ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் விழும்?

சில நாடுகள் சட்டத்திலேயே அடிபட்டுப்போயின. அமெரிக்காவில் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்க, பிள்ளை 21 வயது நிரம்பிய குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவரால்கூட முடியாது, எச்-1பி என்ற வேலை விசாவில் போகிறவரைப் பற்றிப் பேச்சே இல்லை. பிரிட்டனில் 2012 ஜூலையில் விதி மாறியது. அன்றாட வேலைகளுக்கே இன்னொருவரின் நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்படும் நிலையில் பெற்றோர் இருக்க வேண்டும். அதோடு, பிள்ளை பணம் அனுப்பினாலும் சொந்த நாட்டில் அந்தப் பராமரிப்பு கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு "எங்கள் ஊரில் ஆள் கிடைக்காது, ஆஸ்பத்திரி இல்லை" என்று எப்படி நிரூபிப்பது? ஜெர்மனி 2024 மார்ச்சிலிருந்து புதிதாக வரும் திறன் பணியாளர்களுக்குப் பெற்றோரை அழைத்துவர வழி விட்டிருக்கிறது. ஆனால் பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும், இந்த வயதில் புதிதாகக் காப்பீடு வாங்குவதுதான் மலை. ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வர, பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே குடியிருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பவர்களைவிடவும் அங்கே இருப்பவர்கள் அதிகமாக இருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேர், ஒருத்தி மட்டும் போனால் கணக்கு உதைக்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் கணக்கு பொருந்தினாலும், கட்டணம் குறைந்த பெற்றோர் விசாவுக்குச் சுமார் 30 ஆண்டு வரிசை. 45,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டும் விசாவுக்கே பத்தாண்டைத் தாண்டுகிறது. 76 வயதுக்காரருக்கு இதெல்லாம் வழியே இல்லை. மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கான தற்காலிக விசா ஒன்று 2019 முதல் இருக்கிறது. அதற்குப் பாதிப் பிள்ளைகள் கணக்கு கிடையாது, ஆனால் காப்பீடு நம் பொறுப்பு.

இனி கனடா. என் மனம் அதிகம் ஆசைப்பட்டது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பி.ஆர். விண்ணப்பத்தில் அம்மாவையும் சேர்த்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டுமே. பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் திட்டத்துக்கு 2020இல் பெயர் கொடுத்தவர்களுக்குள்தான் 2025 வரை குலுக்கல் நடந்தது. புதிதாகப் போகிறவருக்கு அதில் நுழைய இடமே இருக்கவில்லை. ஆக, கையில் இருப்பது பெற்றோர் வந்து நீண்டநாள் தங்குவதற்கான சூப்பர் விசா. பத்து வருடம் வரை செல்லும், 2022 ஜூலையிலிருந்து ஒருமுறை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம். கேட்க மிக நன்றாக இருக்கிறது.

ஆனால் இந்த விசாவில் அம்மா கனடாவில் வருகையாளர். ஒன்டாரியோ மாகாணத்தின் அரசு மருத்துவக் காப்பீடு அவருக்குக் கிடையாது. அந்தக் காப்பீட்டின் கீழ் வீட்டுக்கு வரும் பராமரிப்பு உதவியும் கிடையாது. குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்குத் தனியார் காப்பீடு, ஒரு வருடத்துக்கு, நாமே எடுக்க வேண்டும். அந்தக் காப்பீட்டில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் செலவு தருவதாக இருந்தாலும், "காப்பீடு தொடங்குமுன் இத்தனை நாள் அந்த நோய் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். 90 நாள், 180 நாள் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். மாத்திரையின் அளவை மருத்துவர் கூட்டினாலோ குறைத்தாலோ அது மாற்றம்தான். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. நான் பேசிய முகவரிடம் இதைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படின்னா வாதம் சம்பந்தமா எது வந்தாலும் கிளெய்ம் கஷ்டம் மேடம்" என்றார். உண்மையைச் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

பதினொரு மணிக் கேள்விக்கு வருகிறேன். ஒன்டாரியோவில் 2025 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர் ஆனது. நாளைக்கு எட்டு மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 176 மணி, சுமார் 3,100 டாலர். இது சட்டப்படி இதற்குக் கீழே போக முடியாத தொகை. பயிற்சி பெற்றவரை ஏஜென்சி மூலம் வைத்தால் இதற்கு மேலேதான் போகும். எங்கள் இருவரில் ஒருவர் சம்பளத்தில் பெரும்பகுதி இதற்கே போய்விடும், இல்லையென்றால் ஒருவர் வேலையை விட வேண்டும். அந்த ஒருவர் நான்தான் என்பதை எல்லாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டார்கள்.

கனடாவுக்கு ஒரு பெரிய நல்ல பக்கம் உண்டு. ஒன்டாரியோவின் டொராண்டோ நகரில் உள்ள ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர்கள் நாற்பது வருடமாகக் கட்டிய ஊர் இருக்கிறது. தமிழ் பேசும் மருத்துவர், தமிழ்க் கடை, கோயில், முதியோர் கூடல் எல்லாம் உண்டு. நடமாடும் அம்மா என்றால் அங்கே சந்தோஷமாக இருப்பார். நடக்க முடியாதவருக்கு அந்த ஊர் ஜன்னலுக்கு வெளியில்தான் இருக்கும். தோழி ஒருத்தியின் அம்மா அங்கே இரண்டு குளிர்காலத்தைக் கழித்தார். காலை ஏழு மணிக்கு எல்லாரும் கிளம்பிவிட்டால் மாலை வரை வீட்டில் தனியாள். "பனியப் பாத்துக்கிட்டே இருந்தேன்மா, காக்கா கூட வரல" என்று என்னிடம் போனில் சொன்னார். எங்கள் அம்மா காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிட மாட்டார்.

வளைகுடாவை வேகமாகக் கடந்துவிட்டோம். துபாயில் பெற்றோர் விசாவுக்குச் சம்பள வரம்பு உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், காப்பீடு கட்டாயம். வீட்டோடு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. அங்கே போகிறவர்கள் மாத்திரை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். இங்கே சாதாரணமாக எழுதித்தரும் சில வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. மருத்துவர் சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் பெட்டியில் வைக்கக் கூடாது.

சிங்கப்பூர். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலைக்குப் போகிறவரின் நிலையான மாதச் சம்பளம் 12,000 சிங்கப்பூர் வெள்ளியாவது இருந்தால் பெற்றோருக்கு நீண்டகால வருகை அட்டை கேட்கலாம். கணவனுக்கும் பிள்ளைக்கும் 6,000 வெள்ளி போதும், பெற்றோருக்கு அதில் இரட்டிப்பு. எனக்கு வந்த வேலை அந்தக் கோட்டை ஒட்டி மேலே இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் ஊக்கத்தொகை பெரிய பங்கு என்றால் கையெழுத்துப் போடுமுன் நிலையான பகுதி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

இங்கே பதினொரு மணிக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வீட்டோடு பணிப்பெண் வைத்துக்கொள்ளச் சட்டப்படி தெளிவான ஏற்பாடு உண்டு. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரலாம் என்பதால் தமிழ் பேசுபவரே கிடைப்பார். எங்களுக்கு இது எல்லாவற்றையும்விடப் பெரிது. மாலைக் குழப்பத்தில் அம்மா கேட்பதற்குத் தமிழில் பதில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பார். செலவு: அரசுக்கு மாதம் 300 வெள்ளி தீர்வை, 5,000 வெள்ளிக்குப் பிணைப் பத்திரம், காப்பீடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, சம்பளம், சாப்பாடு, தங்க இடம். முதியவர் இருக்கும் குடிமக்கள் வீட்டுக்குத் தீர்வையில் சலுகை உண்டு, எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. எல்லாம் கூட்டினாலும் கனடாவின் பகல்நேர ஆளுக்கு ஆவதைவிட மிகக் குறைவு, இரவிலும் வீட்டில் ஆள் இருக்கும்.

அந்தப் பெண்ணைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அவரும் ஒரு தாயையோ பிள்ளையையோ ஊரில் விட்டுவிட்டுத்தான் வருவார். ஒருவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, இரவில் இரண்டு தடவை எழுந்து, மறுநாள் சமையலும் செய் என்றால் ஆறே மாதத்தில் உடம்பு விட்டுப்போகும். வாரம் ஒரு நாள் ஓய்வு அவர் உரிமை. 2023 முதல் மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, விட்டே ஆக வேண்டும். அவரை அம்மாவுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது, சமையலும் இரவு முதல் அழைப்பும் எங்களுடையது, ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் கை என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம்.

சிங்கப்பூரின் பலவீனம் இரண்டாவது கேள்வியில். அம்மாவின் அட்டை என் வேலையில் தொங்குகிறது. வேலை போனால் என் அனுமதியோடு அவர் அனுமதியும் போகும், பெட்டி கட்ட வாரக் கணக்கில்தான் நேரம். மூன்றாவது கேள்வியிலும் அப்படித்தான். அரசு மருத்துவமனையானாலும் அம்மாவுக்கு மானியம் கிடையாது, முழுக் கட்டணம். மெடிஷீல்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். இதற்கு நாங்கள் கண்ட வழி ஒன்றுதான்: அவசரம் தவிர்த்த எல்லா மருத்துவமும் திருச்சியில். நேர் விமானம், நாலு மணி நேரப் பயணம். கனடாவுக்கு விமானம் மாறி இருபது மணி நேரத்துக்கு மேல், அதுவும் வாதம் வந்த உடம்போடு. அதனால்தான் அம்மாவின் இங்குள்ள மெடிக்கல் பாலிசியை விடப்போவதில்லை. ஒருமுறை விட்டுவிட்டுத் திரும்ப எடுத்தால் பழைய நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள், எடுக்க முடிந்தால். பிரீமியம் கட்டும் தேதியை அண்ணன் போனிலும் போட்டிருக்கிறோம்.

அம்மாவை இங்கேயே விட்டுவிட்டுப் போவதையும் ஒளிக்காமல் பேசினோம். இதைப் பற்றிப் பேசுவதே பாவம் என்று நினைக்கிற வீடுகள் உண்டு, நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆனால் சில பெற்றோருக்கு இதுதான் சரி. மறதி நோய் முற்றியவரைப் பழகிய வீட்டிலிருந்து கிளப்பினால், எழுந்து எந்தப் பக்கம் போனால் கழிவறை என்ற உடம்பின் நினைவும் போய்விடும்.

உறையூர் வீட்டிலேயே இரவு பகல் ஆள் வைப்பது ஒரு வழி. ஒரு ஏஜென்சி மாதம் 26,000 ரூபாய் கேட்டது. ஆள் நல்லவராக அமைந்தார், ஆனால் இரண்டு மாதத்தில் மாற்றிவிட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு அம்மாவின் மாத்திரைப் பெட்டியைச் சொல்லிக்கொடுத்தது நான். நான் இல்லாதபோது யார் சொல்லிக்கொடுப்பது? அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள், பிசியோதெரபியும் அதில் உண்டு. இங்கேயே விட்டுப்போகிறவர்கள் முதல் வேலையாகத் தெருவில் யார் வருகிறார்கள் என்று விசாரித்துப் பதிந்துவிடுங்கள்.

மதுரையில் அண்ணன் வீடு இன்னொரு வழி. "நீ போம்மா, அம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்று அண்ணன் உடனே சொன்னார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி பள்ளிக்கூட ஆசிரியை, அவருடைய அப்பாவும் படுக்கையில் இருக்கிறார். மகன் பார்த்துக்கொள்கிறான் என்று ஊர் சொல்லும்போது யார் கை வேலை செய்கிறது என்பது நமக்குத் தெரியாதா? நான் அண்ணியிடம் தனியாகக் கேட்டேன். "வருசத்துல மூணு மாசம்னா என்னால முடியும் மதினி, முழுசா முடியாது" என்றார். இவ்வளவு நேர்மையான பதில் எங்கள் பேச்சு வார்த்தை முழுவதிலும் வேறு யாரிடமிருந்தும் வரவில்லை. அந்த மூன்று மாதம் எங்கள் திட்டத்தில் இடம்பெற்றுவிட்டது.

கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோருக்கென்று கட்டிய குடியிருப்புகளில் இரண்டைப் பார்த்தோம். தானே நடமாடும் தம்பதிகளுக்கு மிக நல்ல இடம், நட்பும் சாப்பாடும் குறையில்லை. கைத்துணை தேவைப்படுகிறவருக்கு அங்கேயும் தனி ஆள் நாம்தான் வைக்க வேண்டும் என்றார்கள். சேரும்போதே, "அம்மா படுத்துவிட்டால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எந்த வழி எடுத்தாலும் முதலில் முடிக்க வேண்டிய ஒன்று காகிதம். அம்மா தெளிவாகக் கையெழுத்துப் போடும்போதே முடிக்க வேண்டும். அம்மாவுக்காக நாங்கள் செயல்படும் அதிகாரத்தை, அதாவது பவர், எழுதி வாங்கிவிட்டால் எல்லாக் காலத்துக்கும் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது சரியில்லை. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவரின் மனநிலை தவறினால் அந்த அதிகாரம் முடிந்துபோகும். எப்போது மிகவும் தேவைப்படுமோ அப்போது அது செல்லாது. பிறகு காப்பாளராக நியமனம் வாங்க நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் அம்மாவின் கணக்கை "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்று அண்ணன் பெயரும் சேர்த்து மாற்றினோம், வைப்புத்தொகைகளுக்கு நாமினி போட்டோம். வலது கை ஒத்துழைக்காததால் கையெழுத்து பழைய மாதிரி வரவில்லை. வங்கியில் இடது கைப் பெருவிரல் ரேகையைப் பதிந்து, மருத்துவர் சான்று கொடுத்து முடிக்க மூன்று நடை ஆனது. அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு வருடாவருடம் உயிர்ச்சான்று வேண்டும். ஜீவன் பிரமாண் என்ற இணையவழி உயிர்ச்சான்றில் முகம் காட்டிச் செய்வதைப் போனில் பழகிக்கொண்டோம்.

அம்மாவிடம் கடைசியில்தான் கேட்டோம், அது எங்கள் தவறு. முதலில் கேட்டிருக்க வேண்டும். மாலையில் கேட்கவில்லை, காலையில், தலை வாரிவிட்டுக்கொண்டே கேட்டேன். கனடா என்றதும், "அவ்ளோ தூரத்துல செத்துப்போனா எப்படிடி கொண்டாருவீங்க" என்றார். சிங்கப்பூர் என்றதும், அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறதாமே என்றார். பிறகு இரண்டு நிபந்தனை சொன்னார். வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. ஆடி மாதம் வெக்காளியம்மனைப் பார்க்க ஊருக்குக் கூட்டிவர வேண்டும்.

ஆக, கனடா அழைப்பை விட்டுவிட்டேன். அழுதுகொண்டுதான் விட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. நிரந்தர உரிமை எனக்கும் பையனுக்கும் அங்கேதான் இருந்தது. அம்மா இன்னும் பத்து வயது இளையவராக, தானே நடப்பவராக இருந்திருந்தால் ஸ்கார்பரோதான் என் பதில். தாய்க்கு மறதி முற்றியிருந்தால் வீட்டோடு ஆளும், மேற்பார்க்க ஒரு சொந்தமும் வைத்துவிட்டு நானே ஊரில் வேலை தேடியிருப்பேன். எங்கள் அம்மாவின் இன்றைய உடம்புக்குச் சிங்கப்பூர், ஒன்பது மாதம் அங்கே, மூன்று மாதம் மதுரையும் உறையூருமாக. அதையும் உடனே முடிவாக்கவில்லை. வேலையில் சேர்ந்து பாஸ் வாங்கியபின், நீண்டகால அட்டைக்கு எழுதிப்போடுமுன் ஒரு மாதம் சாதாரண விசாவில் அம்மாவை அழைத்துப்போய்ப் பார்க்கப்போகிறோம். விளக்கு வைக்கிற நேரக் குழப்பம் கூடுகிறதா, இரவில் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று அந்த ஒரு மாதம் குறித்துவைப்போம். கூடினால் திரும்பிவிடுவோம்.

சிங்கப்பூரில் நாங்கள் பார்த்திருக்கும் வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் குளியலறை வாசலில் ஒரு படி இருக்கிறது, நாலு அங்குல உயரம். வாக்கரை இடது கையால் தூக்கி அதன்மேல் வைத்து ஏற வேண்டும். தச்சரிடம் சொல்லி அதே உயரத்துக்கு ஒரு பலகை செய்து இங்கே கழிவறை வாசலில் போட்டிருக்கிறேன். தினமும் காலை பதினொரு மணிக்கு அதில் ஏறிப் பழகுகிறார். நேற்று மூன்றாவது முயற்சியில், என் கையைப் பிடிக்காமல் ஏறினார்.